மென்சா வாசலில் செத்துக் கிடந்த மத்தியானம்

நான் செத்துக் கிடந்தேன்.

முதுகுக்குக் கீழே நடைபாதைக் கல் சில்லிட்டது. முகத்தின் மேல் வெள்ளைத் துணி. அதில் அம்மாவின் சலவைத்தூள் வாசமும், எவ்வளவு தோய்த்தாலும் எங்கள் வீட்டுத் துணிகளை விட்டுப் போகாத தாளித வாசமும் சேர்ந்து வந்தன. எனக்குப் பசித்தது. செத்தவளுக்குப் பசிக்கலாமா என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் துணி ஆடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

எனக்கு அடுத்ததாக என் தம்பி ரெஜி செத்துக் கிடந்தான்.

"அக்கா, என்ர மூக்குக் கடிக்குது. சொறியட்டோ?"

"பேசாமல் கிட. நீ செத்துப் போனாய்."

"செத்தாலும் கடிக்குது."

இடம், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் பல்கலைக்கழகம். மென்சா என்று எல்லோரும் சொல்லும் மாணவர் உணவுச்சாலையின் வாசல். ஈராக்கில் குண்டு விழத் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. குளிர் போகவா நிற்கவா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். முப்பது, நாற்பது மாணவர்கள் வரிசையாகப் படுத்திருந்தோம். எல்லோர் மேலும் வெள்ளைத் துணி. எங்களைத் தாண்டித்தான் சோற்றுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. போர் என்றால் இதுதான், பார்த்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்வதாக எங்களுக்கு நினைப்பு.

கொஞ்சம் தள்ளி, கம்பத்து மேல் போகும் தொங்கு ரயில் முனகிக்கொண்டு கடந்தது. அதில் இருந்தவர்கள் எங்களைக் குனிந்து பார்த்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. செத்தவர்கள் கண் திறக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு இருந்தது.

ரெஜி தொலைபேசினான்

போன வாரம் இந்தப் பத்தியில் காலை ரயிலைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ரெஜி தொலைபேசினான். இப்போது அவனுக்கு முன்மண்டை வெளித்துவிட்டது.

"அக்கா, ரயிலில நான் வாயைத் திறந்து நித்திரை கொண்டதெல்லாம் ஊருக்குச் சொல்லிப் போட்டாய். இனி நான் செத்ததையும் எழுதிவிடு."

கேலியாகத்தான் தொடங்கினான். பிறகு குரல் இறங்கியது. அவன் மகன் பள்ளிக்கூடத்தால் வந்து, "அப்பா, நீங்கள் ஆர்மிக்குப் போனீங்களா?" என்று கேட்டானாம். கட்டாயப் படைச்சேவையை இந்த நாட்டில் நிறுத்தி வைத்துப் பல வருடம் ஆகிறது. இப்போது மறுபடி அந்தப் பேச்சு செய்திகளில் அடிபடுகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள்.

"நான் சொல்லத் தொடங்கினா அழுதிடுவன். நீ எழுது, வாசிக்கக் குடுக்கிறன்" என்றான்.

அவன் மகன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஆகையால் இந்த வாரம் வாக்கியங்களைக் கொஞ்சம் சின்னதாகவே வைத்துக்கொள்கிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கவிழ்த்து வைத்த கோப்பை

நாங்கள் அப்போது ஹம் நகரத்தில் இருந்தோம். ஹம் என்றால் தமிழர் எல்லோருக்கும் அங்கே இருக்கும் அம்மன் கோயில்தான் ஞாபகம் வரும். நாங்கள் இலங்கையில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். தேருக்கு மட்டும் போய் கச்சான் கடலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

அப்பாவுக்கு ஹம்மிலேயே கம்பித் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கும் எனக்கும் காலை ரயில். பள்ளி இல்லாத நாளில் ரெஜியும் தொற்றிக்கொள்வான். நான் டோர்ட்மண்டில் நகரத் திட்டமிடல் படித்தேன். அம்மா அதே பல்கலைக்கழகத்தின் மென்சாவில் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்தார். ஒரே ரயிலில் ஏறி, ஒரே நிலையத்தில் இறங்கி, ஒரே கட்டடத்துக்கு இரண்டு வாசலால் போவோம்.

சாப்பிட்டு முடிந்ததும் தட்டை ஓடும் பட்டியில் வைக்க வேண்டும். பட்டி சுவரில் இருக்கும் ஓட்டைக்குள் போய்விடும். அந்தப் பக்கம் அம்மா நிற்பார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் கையுறை மட்டும் தெரியும். நான் என் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைப்பேன். அது என் தட்டு என்று அம்மாவுக்கு அடையாளம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கையுறை ஓட்டைக்கு வெளியே வந்து ஒருமுறை ஆடிவிட்டு உள்ளே போகும். சில நாள் ஆடாது. தட்டில் மரக்கறியை மிச்சம் வைத்தேன் என்று அர்த்தம்.

இப்போதும் அந்த மென்சாவைக் கடக்க நேர்ந்தால் ஈரமும் உருளைக்கிழங்கும் கலந்த அந்த வெக்கை மூக்கில் ஏறுகிறது. எனக்கு இருபத்துச் சொச்சம் வயசு திரும்பி வந்துவிடுகிறது. அந்த நாட்களில் எனக்குக் காசு இல்லை, நல்ல சப்பாத்து இல்லை, ஆனால் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அதே கடிதம்

ரெஜி அப்போது உயர்தரப் பள்ளியின் கடைசி வருடம். எங்கள் குடும்பத்துக்குக் குடியுரிமை கிடைத்துச் சில வருடம்தான் ஆகியிருந்தது. அந்தச் சிவப்புக் கடவுச்சீட்டை அப்பா கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

ஒரு நாள் ரெஜியின் பெயருக்குப் படையிலிருந்து கடிதம் வந்தது. உடற்பரிசோதனைக்கு வரச் சொல்லி டெர்மின் என்று நாளும் நேரமும் கொடுத்திருந்தார்கள். பதினெட்டு வயது தாண்டிய ஜெர்மன் பெடியன்கள் எல்லோருக்கும் போகும் சாதாரண அழைப்பு. தேறினால் படைமுகாம். போக விருப்பமில்லை என்றால், மனச்சாட்சி ஏன் இடம் தரவில்லை என்று காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணத்தை ஏற்றுக்கொண்டால் படைக்குப் பதிலாக முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ சேவை செய்யலாம்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் நின்று கோப்பி குடிக்கும்போது அறிவித்தார்.

"பெடியனை ஆர்மி கூப்பிட்டிருக்கு. ஜெர்மன்காரன்ர பிள்ளையளுக்கு வாற அதே கடிதம்."

அந்த 'அதே' என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்தினார். மண்டபத்தில் கோப்பி குடித்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஒருவர் மெல்லக் கேட்டார்.

"அண்ணை, எந்த ஆர்மி?"

"எங்கட ஆர்மி" என்றார் அப்பா.

எங்கள் சனத்தின் வாயில் அந்த இரண்டு சொல்லும் ஒன்றாக வந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு அக்கா போய் யன்னலைத் திறந்தார். பிள்ளைகளைப் படைகளிடமிருந்து காப்பாற்றத்தான் அங்கே நின்ற எல்லோரும் காடு, கடல், விமானம் என்று தாண்டி வந்தவர்கள். இப்போது ஒருவர் சிரித்த முகத்தோடு பிள்ளையைக் கொடுக்கப் போகிறேன் என்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் ரெஜி சொல்லிவிட்டான்.

"அப்பா, நான் போகமாட்டன். காரணம் எழுதிக் குடுக்கப் போறன்."

"இந்த நாடு உனக்கு எல்லாம் தந்தது. திருப்பிக் கேட்டது இதொண்டுதான். அதுக்கு வேண்டாம் எண்டு சொல்லுறியோ?"

"எனக்குத் துவக்குப் பிடிக்க ஏலாது அப்பா."

"ஒரு வருஷம் கூட இல்லை. கட்டில் விரிக்கிறதும் சப்பாத்து மினுக்கிறதும்தான். போயிட்டு வா."

அப்பாவுக்குப் பெருமை மட்டும்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அடியில் இருந்தது வெளியே வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தப் பெயர் எங்கேயாவது போய் நிற்கும், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள் என்று அவர் நம்பினார். காரணம் கேட்பது ஆளைப் பிடிக்க வைத்த பொறி. அப்பா மட்டுமல்ல, பூசைக்கு வந்த பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். படைக்கு மாட்டேன் என்று எழுதியவனை ஒரு அரசாங்கம் சும்மா விடும் என்பதை எங்கள் ஊரில் பிறந்த எவரும் லேசில் நம்ப மாட்டார்கள்.

அம்மா ஒரு பக்கமும் சேரவில்லை. இரண்டு பேரும் கதைக்கும்போது குசினிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

லேனாவின் மேசை

ரெஜிக்கு இன்னொரு சிக்கல். எழுதுவதற்கு அவனிடம் காரணம் இல்லை.

கூடப் படித்த பெடியன்கள் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதிக்கொண்டார்கள். ரெஜியும் பேனையை எடுத்து, 'நான் வன்முறையை வெறுக்கிறேன்' என்று எழுதுவான். அதற்கு மேல் ஓடாது. மன்னாரை விட்டு வரும்போது அவன் மடியில் கிடந்த பிள்ளை. அவனுக்குத் தெரிந்த போர் தொலைக்காட்சியில் வந்த போர்தான்.

அம்மாவுக்கு அருளப்பு என்று ஒரு தம்பி இருந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. யார் கொண்டு போனது என்று சொந்தக்காரரிடம் இரண்டு கதை உண்டு. இரண்டு கதையிலும் துவக்கு வைத்திருந்தவர்கள்தான் வருகிறார்கள். அவரைப் பற்றி அம்மாவிடம் கேட்பதில்லை என்பது வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லோரும் கடைப்பிடித்த சட்டம். ரெஜி ஒருமுறை கேட்டுப் பார்த்தான். "அதைக் கதைச்சு என்ன செய்யப் போறாய்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

நான் அவனை லேனாவிடம் கூட்டிப் போனேன். லேனா என்னோடு படித்தவள். மாட்டுப் பண்ணைக்காரர் மகள், நல்ல உயரம், அவள் பேசினால் ஒலிபெருக்கிக்கே வேலை இல்லை. மென்சா வாசலில் ஒரு மடக்கு மேசை போட்டு, படைக்குப் போக விரும்பாதவர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கூடாரம். அதற்குள் கிட்டார் ஒன்று, சுதி சேராத நாலு பேர், எப்போதும் சூடாக இருந்த கோப்பிக் குடுவை ஒன்று. போரை நிறுத்த அவ்வளவும் போதும் என்று எங்களுக்கு உறுதியான நம்பிக்கை. பாடம் முடிந்ததும் ஓடிப் போய் அந்தக் கூடாரத்துக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காருவோம். மழை கூரையில் தட்டும். அந்தக் கோப்பியின் கசப்பை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

ரெஜி எழுதியதை லேனா படித்துப் பார்த்தாள்.

"இதை யாரும் எழுதலாம். உன் வாழ்க்கையில் நடந்தது எங்கே?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்றான் ரெஜி.

"அப்படியென்றால் உன் வீட்டில் கேள்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கோப்பியைப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் மென்சா வாசலில் செத்துக் கிடப்பது என்று முடிவானது. ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொண்டு வர வேண்டும். நான் அம்மாவிடம் இரண்டு கேட்டேன். போருக்கு எதிரான கூட்டத்துக்கு என்று சொன்னேன். பதாகை எழுதுவதற்கு என்று அவர் நினைத்துக்கொண்டார் போல.

"தோய்ச்சாப் போற மையால எழுதுங்கோ" என்று சொல்லி எடுத்துத் தந்தார்.

தட்டு வராத மத்தியானம்

ஆக, நாங்கள் செத்துக் கிடந்தோம்.

மென்சாவில் மத்தியானம் என்றால் தட்டும் கரண்டியும் கதையுமாக இரைச்சல் காதை அடைக்கும். அன்றைக்கு அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சாப்பிட்டவர்கள் தட்டை மேசையில் விட்டுவிட்டு எங்களைப் பார்க்க வெளியே வந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டி வெறுமையாக ஓடியிருக்கிறது. தட்டு வரவில்லையே, பட்டி பழுதாகிவிட்டதா என்று பார்க்க அம்மாவும், கூட வேலை செய்த துருக்கிப் பெண்ணும் பக்கவாட்டுக் கதவால் வெளியே வந்தார்கள். இதை அந்தப் பெண் பிறகு சொன்னாள்.

எனக்கு முதலில் கேட்டது சப்பாத்துச் சத்தம். ஈரத்தில் நின்று வேலை செய்பவர்கள் போடும் ரப்பர்ச் சப்பாத்து. கல்லில் சவக் சவக் என்று வந்தது. வரிசையின் தொங்கலில், முதல் ஆளிடம் நின்றது. துணி சரசரத்தது. யாரோ ஒரு பையன் "என்ன?" என்றான். திரும்ப இரண்டு அடி. திரும்பத் துணி.

"மன்னிக்க வேண்டும், அவர்கள் இறந்தவர்களாக நடிக்கிறார்கள்" என்று லேனாவின் குரல் கேட்டது. "துணியை எடுக்கக் கூடாது."

சப்பாத்துச் சத்தம் நிற்கவில்லை. ஒருவர் ஒருவராக வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது.

என் முகத்துத் துணி போனது. வெளிச்சம் கூசியது. அம்மா குனிந்து நின்றார். தலையில் வேலைத் தொப்பி, கையில் மஞ்சள் உறை. என் முகத்தைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். பிறகு துணியை நெஞ்சு வரை மடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. என் ஆயுளில் நான் அவ்வளவு பயந்தது அந்த ஒரு கணத்தில்தான்.

அடுத்தது ரெஜி. துணியைத் தூக்கிய அம்மா அப்படியே நின்றார். ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். வெறும் கையை ரெஜியின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"மூச்சு இருக்கு" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

"அம்மா" என்றான் ரெஜி.

"மூச்சு இருக்கு" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு அம்மா அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். ரெஜி எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டான். வரிசையில் கிடந்த மற்றவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் எதற்காகச் செத்துக் கிடந்தோம் என்பது அந்த நேரம் எவருக்கும் பெரிதாகப் படவில்லை. லேனா ஒலிபெருக்கியை நிலத்தில் வைத்துவிட்டு வந்து, தன் கோட்டைக் கழற்றி அம்மாவின் தோளில் போட்டாள்.

சூப் ஆறிப் போனது

துருக்கிப் பெண் எங்களைப் பின்பக்கத்துக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப் போனாள். ஒரு கோப்பை சூப்பை அம்மாவின் முன் வைத்துவிட்டு, அம்மாவின் வேலையையும் சேர்த்துப் பார்க்கப் போனாள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் மூவரும் இருந்தோம்.

அம்மா வெகு நேரம் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே தொடங்கினார்.

"மன்னார் ஆஸ்பத்திரி விறாந்தையில வரிசையாக் கிடத்தியிருந்தவை. வெள்ளைத் துணி. மாமா காணாமல் போய் அஞ்சாறு நாள். ஆரோ வந்து, அங்க போய்ப் பாருங்கோ எண்டு சொல்லிச்சினம். ரெஜி, நீ அப்ப பால்குடி. உன்னையும் அக்காவையும் பக்கத்து வீட்டில விட்டிட்டுப் போனனான். அப்பா அப்பவே இஞ்ச வந்திட்டார். கூட வர ஆக்கள் இல்லை."

"நீங்கள் தனியவோ பார்த்தனீங்கள்?" என்றேன்.

"ஓம். ஒவ்வொண்டாத் தூக்கிப் பார்த்தனான். எல்லாம் இவன்ர வயசுப் பெடியள். அருளப்பு இல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. ஒவ்வொரு முகமும் அவன் இல்லை எண்டதும், ஆண்டவரே நன்றி எண்டனான். திரும்பத் துணியை மூடுவன். அடுத்ததைத் தூக்குவன். ஆண்டவரே நன்றி. வரிசை முடியுமட்டும் நன்றி சொல்லிக்கொண்டு போனனான். அந்தப் பிள்ளையளுக்கும் தாய்மார் இருந்திருப்பினம் தானே. அதுகளைப் பார்த்து நான் நன்றி சொன்னனான். அதைப் போய் ஆரிட்டைச் சொல்லுறது?"

அவ்வளவு காலமும் அம்மா வாய் திறக்காததற்குத் துக்கம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவரைத் தின்றது அந்த நன்றி. எனக்கு அழுகை வந்தது. அம்மா அழவில்லை. சூப்பில் ஆடை படர்ந்துவிட்டது.

"அம்மா, இதை நான் எழுதட்டோ?" என்று ரெஜி கேட்டான்.

"என்னத்துக்கு?"

"ஏன் ஆர்மிக்குப் போகமாட்டன் எண்டு கேட்டிருக்கினம்."

அம்மா சூப்பைத் தள்ளி வைத்தார்.

"எழுது. மாமான்ர பேரையும் போட்டு எழுது. எங்கயாவது ஒரு இடத்தில அவன்ர பேர் கிடக்கட்டும்."

அப்பாவின் கை சோற்றில் நின்றது

அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்தார். மீன் குழம்பு. அம்மா வழக்கமாகப் பரிமாறிவிட்டு நிற்பவர், அன்றைக்கு எதிர்க் கதிரையில் இருந்தார்.

"இஞ்சேருங்கோ. ரெஜி எழுதிக் குடுக்கப் போறான். வேண்டாம் எண்டு."

"நான் சொன்னன் தானே, மேரி. பேர் போய் எங்கயோ நிக்கும். நாளைக்குத் தேடுவாங்கள்."

"தேடுறதைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை. "நான் ஒருக்காத் தேடினனான். இன்னொருக்கா என்னால ஏலாது."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவருக்கு விறாந்தைக் கதை முன்பே தெரியுமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பயமில்லையோ?" என்று கேட்டார்.

"இருக்கு. பயத்தோடதான் சொல்லுறன்."

அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். பாதிச் சாப்பாட்டில் எழும்பக் கூடாது என்று எங்களை ஏசுகிற மனிதர். துவாயில் கையைத் துடைத்துக்கொண்டே ரெஜியிடம் கேட்டார்.

"அந்தக் கடிதத்தை எங்க குடுக்கிறது? தபாலில போடாதை. நான் கூட வாறன். கையில குடுத்திட்டு வருவம்."

கண்ணாடி யன்னல்

ரெஜியின் காரணத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் படைக்குப் பதிலாக ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் சேவை செய்தான். சக்கர நாற்காலி தள்ளினான், கிழவர்களுக்குத் தாடி மழித்தான், சீட்டு விளையாட்டில் தோற்றான். அது தனிக் கதை, சிரிப்பான கதை. எனக்கு மனதில் நிற்பது அதுவல்ல. கடிதம் கொடுக்கப் போன காலைதான்.

அப்பா, ரெஜி, நான் மூன்று பேரும் ரயிலில் போனோம். குடியுரிமை வாங்கப் போட்ட அதே கோட்டை அப்பா போட்டிருந்தார். கழுத்துப்பட்டி கூடக் கட்டியிருந்தார். வழியில் ரெஜி அவரைச் சிரிக்க வைக்கப் பகிடி விட்டுப் பார்த்தான். எடுபடவில்லை.

படைச்சேர்ப்பு அலுவலகம் சாதாரணக் கட்டடம். உள்ளே பூச்சாடி, கதிரைகள், கண்ணாடி போட்ட யன்னல். அந்தப் பக்கம் என் அம்மா வயதில் ஒரு பெண். கம்பளிச் சட்டை, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. ரெஜி உறையைக் கொடுத்தான். அவள் பிரித்தாள், பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள், முத்திரை குத்தினாள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீதுத் துண்டு கொடுத்தாள்.

"நல்லது. இனிய நாளாக அமையட்டும்" என்றாள்.

ரெஜி திரும்பினான். நானும் திரும்பினேன். அப்பா யன்னலை விட்டு அசையவில்லை.

"வேறு ஏதாவது வேண்டுமா?" என்று அவள் கேட்டாள்.

அப்பா தன் தொழிற்சாலை ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, மரியாதையாகக் கேட்டார்.

"இவரைக் கூட்டிக்கொண்டு போக எப்போது வருவீர்கள்?"

"யாரை?"

"என் மகனை."

அவளுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள், ரெஜியைப் பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரும் வர மாட்டார்கள்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "பதில் தபாலில் வரும். நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

அப்பா நன்றி சொன்னார். வெளியே வந்தார். படியில் இரண்டு அடி வைத்ததும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கோட்டு அழுக்காகும் என்று கூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரெஜி பயந்துபோனான். "அப்பா, என்ன? அவ ஒண்டும் பிழையாச் சொல்லேல்லையே. பிரச்சினை இல்லை எண்டுதான் சொன்னவ."

"விளங்குது" என்றார் அப்பா. முகத்தைத் துடைத்தார்.

"அருளப்புவிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை. வாறியோ, மாட்டியோ எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை."